ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

3 ஜூன், திங்கள்

என் பெயர் செ. நல்லசிவம். வயது ஐம்பது. நாமக்கல்லில் கோழித்தீவனத்தைச் சோதிக்கும் தனியார் ஆய்வகம் ஒன்றில் முதுநிலை வேதியியலாளன். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் ஆகியவற்றில் புரதம் எவ்வளவு என்று அளந்து சொல்வது என் தொழில். இந்தக் குறிப்புகளின் நோக்கம் ஒன்றே: புரதத் துணையுணவு என் பெருங்குடலின் அழற்சியைத் தணிக்கிறதா என்பதை முறைப்படி சோதித்துப் பதிவுசெய்வது.

நோயின் விவரம். பெருங்குடலின் உட்சுவரில் புண்கள். சென்ற தை மாதம் கண்டறியப்பட்டது. உடலைக் காக்க வேண்டிய அணுக்களே குடலைப் பகையாகக் கருதித் தாக்குகின்றன என்று சேலத்தில் டாக்டர் பிரமிளா விளக்கினார். இரண்டு மாத்திரைகள் தந்தார். ஒன்று குடல் புண்ணுக்கு உரியது, மற்றது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அவர் சொல்லும்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். ஜூலைக் கடைசியில் மறுபடியும் குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்ப்பார்.

“அப்பவும் ஆறலைன்னா பெருங்குடலை எடுத்துடறதைப் பத்தி நாம பேச வேண்டியிருக்கும் சார்” என்றார்.

எடுத்துவிட்டால், வயிற்றில் ஒரு துளையிட்டு, அதன்மேல் கழிவுக்கு ஒரு பை. அவர் படம் வரைந்து காட்ட முனைந்தார். தேவையில்லை என்றேன். என் அண்ணன் பழனிவேலுவுக்குப் பை வைத்தார்கள். அண்ணன் இப்போது இல்லை. இவ்விரண்டு வாக்கியங்களும் உண்மை. அவரைப் பற்றி இதற்குமேல் இங்கே எழுத வேண்டியதில்லை.

நேற்று ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தேன். குடல் அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்குப் பால் புரதம் மிகுந்த உணவு தரப்பட்டது. புரதத்தின் கூறுகளுள் ஒன்றான டிரிப்டோஃபேனைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அதிலிருந்து பிறக்கும் சில பொருள்கள் தாக்க வந்த அணுக்களை அடக்குகின்றன. குடற்சுவரின் வழவழப்பான காப்புப் படலம் தடிக்கிறது. புண்ணான இடத்தில் புதுச்சுவர் எழுப்பவும் புரதமே செங்கல். எலிகளின் குடலில் வீக்கம் தணிந்தது. மனிதரிடம் இது இன்னும் நிறுவப்படவில்லை என்றும், மருந்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது என்றும் கட்டுரையின் கடைசிப் பத்தி கூறுகிறது. அது வழக்கமான எச்சரிக்கை. எங்கள் அறிக்கைகளின் அடியிலும் அப்படி ஒரு வரி உண்டு. எந்தப் பண்ணைக்காரரும் அதைப் படிப்பதில்லை.

5 ஜூன், புதன்

பால் புரதப் பவுடர் ஒரு டப்பா வாங்கினேன். உண்பதற்கு முன் அதை எங்கள் ஆய்வகத்திலேயே சோதித்தேன். எங்கள் முறை புரதத்தை நேராக அளப்பதில்லை. பொருளை அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் என்று கூறுகிறது. எனவே நைட்ரஜன் மிகுந்த யூரியாவின் கலப்படம் உண்டா என்று தனியாகவும் பார்த்தேன். இல்லை. டப்பாவில் அச்சிட்ட அளவு சரி.

உடன் பணியாற்றும் ரஷீத் குடுவையை முகர்ந்து பார்த்தார்.

“என்ன சார், சாக்லேட் வாசம் வருது? எந்தப் பண்ணை சாம்பிள்? அங்க கோழியெல்லாம் ஜிம்முக்குப் போவுதா?”

“வீட்டுக்கு.”

“அக்காவுக்கா?” என் மனைவியை அவர் அப்படித்தான் அழைப்பார்.

“எனக்கு.”

“அப்ப முட்டை எப்ப சார் போடுவீங்க?”

அவருக்கு வயது நாற்பத்தைந்து. இன்னும் இப்படித்தான் பேசுகிறார்.

6 ஜூன், வியாழன்

சோதனையின் அமைப்பு பின்வருமாறு. மாத்திரையையும் பவுடரையும் ஒருசேர உட்கொண்டால், முன்னேற்றம் எதனால் விளைந்தது என்று எவராலும் கூற இயலாது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே மாத்திரைகள் இரண்டையும் இன்று முதல் நிறுத்துகிறேன்.

பவுடரையும் உடனே தொடங்கலாகாது. ஆய்வகத்தில் எந்தச் சோதனைக்கும் முன்னால் மாதிரிப் பொருளே போடாத ஒரு குடுவையை, மற்ற எல்லாம் சேர்த்து, கொதிக்கவைப்போம். அதற்குப் பிளாங்க் என்று பெயர். பிளாங்க் இல்லாத முடிவை நான் கையெழுத்திட்டு வெளியே அனுப்பியதே இல்லை. இந்த ஒரு வாரம் நானே பிளாங்க்.

டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று சொல்லப்பட்டதைச் செய்வது எனக்கு வழக்கமில்லை. எனவே கேட்கவில்லை.

என் மனைவி கலாமணி தபால் நிலையக் கவுண்டரில் அமர்பவள். போலிக் கையெழுத்தை ஒரே பார்வையில் கண்டுபிடிப்பாள். மாத்திரை அட்டை காலியாகிறதா என்று பார்ப்பாள். அதனால் அன்றன்றைய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்கிறேன். மருந்தைச் சாக்கடையில் விடுவது விதிக்கு மாறானது. கழிவு அலமாரியில் தனிக் குடுவையில் போட்டு, உள்ளிருப்பதன் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

9 ஜூன், ஞாயிறு

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது. கலாமணி குழாயைப் பிடித்தாள், நான் தேய்த்தேன். இடையில் மூன்று முறை கீழே இறங்கி வர வேண்டியிருந்தது.

“என்னங்க, தொட்டிய விட படியத்தான் நல்லாத் தேச்சிருக்கீங்க” என்றாள்.

13 ஜூன், வியாழன்

பிளாங்க் வாரம் நிறைவுற்றது. கழிவறைக்குச் சென்ற தடவைகள் நாளுக்கு ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்ந்துள்ளன. சிவப்பு உண்டு. இது எதிர்பார்த்ததே, இதுவே அடிப்படை அளவு. இதிலிருந்து இறங்குவதைத்தான் அளக்கப்போகிறேன்.

இன்று காலை பவுடரைப் பாலில் கரைத்துக் குடித்தேன். கலாமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இதென்னங்க, பேரன் எடுக்கற வயசுல ஒடம்பு ஏத்தறீங்களா?”

“புரதம். கொடலுக்கு நல்லது.”

“டாக்டரம்மா சொன்னாங்களா?”

“ஆராய்ச்சில சொல்லியிருக்கறாங்க.”

“ஆருக்குக் குடுத்து ஆராய்ச்சி பண்ணுனாங்க?”

எலிகளுக்கு என்று சொல்லவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். உண்மையிலேயே நேரமாகியிருந்தது.

16 ஜூன், ஞாயிறு

ராசிபுரத்தில் கலாமணியின் அண்ணன் மகள் திருமணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, அதற்கருகில் ஒரு நாற்காலியைத் தேர்ந்தேன். மேளச் சத்தம் அங்கே கடுமையாக இருந்தது. பரவாயில்லை.

பந்தியில் மோர் மட்டும் குடித்து இலையை மூடினேன். பெண்ணின் தந்தை, என் மச்சான் குமாரசாமி, வாளியோடு வந்தவரை நிறுத்திவிட்டு என் எதிரில் நின்றார்.

“என்னங் மாப்பிள்ளை, எலைய மூடிட்டீங்க? எங்கூட்டுச் சோறு புடிக்கலீங்களா?”

“வயிறு சரியில்லீங்க மச்சான்.”

“வயிறா? அது எங்கீங்க இருக்குது? பெல்ட்ட அவுத்துப் பாத்தாத்தான் கெடைக்கும்போல!”

சுற்றிலும் சிரித்தார்கள். கலாமணி சிரிக்கவில்லை. என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பழனிவேலு இத்தகைய விருந்துகளில் கடைசிப் பந்தியில், வரிசையின் ஓரத்தில் தனியாக உட்காருவார். இன்று கடைசிப் பந்தி நடந்தபோது அந்த ஓர இலை எவருமின்றிக் கிடந்தது. நான் வெளியே வந்து காரில் அமர்ந்துகொண்டேன்.

21 ஜூன், வெள்ளி

நல்ல செய்தி. ஒன்பதிலிருந்து ஆறு, நேற்றும் இன்றும் நான்கு. பவுடர் தொடங்கி எட்டு நாட்களில் பாதிக்கும் மேல் இறங்கியுள்ளது. இவ்வளவு விரைவான விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. எலிகளுக்கே இரண்டு வாரம் ஆயிற்று.

மற்றவை: இரவு உணவில் விருப்பமில்லை. காலையில் அரை இட்லி. வெயில் காரணமாக இருக்கலாம். கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

25 ஜூன், செவ்வாய்

ஆய்வகத்தில் அமிலக் குடுவையைத் தூக்கும்போது கண் இருண்டது. குடுவையை மேசையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அந்த அளவுக்கு நிதானம் இருந்தது. ரஷீத் ஓடிவந்தார்.

“சார், சாப்புட்டீங்களா?”

“பவுடர் குடிச்சேன்.”

“அத கேக்கல. சோறு.”

மூன்று என்று இன்று பதிவு செய்கிறேன். இறக்கம் தொடர்கிறது.

28 ஜூன், வெள்ளி

கலாமணி துவைக்கும் கல்லருகே என் லுங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, இது என்னங்க கறை?”

“லேப்ல மெத்தில் ரெட் சிந்திடுச்சு. நிறங்காட்டிக் கரைசல்.”

“லுங்கியக் கட்டீட்டா லேபுக்குப் போனீங்க?”

அவள் அதைத் தண்ணீரில் முக்கி இரண்டு கைகளாலும் கசக்கினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். துவைத்து முடித்து, என்னைக் கடக்கும்போது, என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. என் நெற்றி எவ்வாறு இருந்தது என்று அவள் கூறவில்லை.

30 ஜூன், ஞாயிறு

இதை உள்ளபடியே எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு ரஷீத் வீட்டுக்கு வந்தார். எப்போதும் வாசலிலேயே ஏதேனும் சொல்லிச் சிரிப்பவர், இன்று பேசாமல் உள்ளே வந்து, துணிப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்துச் சாப்பாட்டு மேசையின்மேல் வைத்தார். கழிவு அலமாரியில் நான் வைத்திருந்த குடுவை. முக்கால் பாகம் மாத்திரைகள். என் கையெழுத்தில் இரண்டு மருந்துகளின் பெயர்கள். ‘6 ஜூன் முதல்’ என்ற குறிப்பு.

“அக்கா, கழிவு வண்டி நாளைக்கு வருதுன்னு அலமாரிய ஒதுக்கினேன். இது இருந்துச்சு. எங்க மாமியாருக்கும் இதே மாத்திரைதான், அதான் பேரு தெரியும்” என்று கலாமணியிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, “கோவிச்சுக்காதீங்க சார். லேபிள் ஒட்டாம போட்டிருந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றார்.

லேபிள் ஒட்டாத குடுவை எதையும் அலமாரியில் வைக்கக் கூடாது என்பது ஆய்வகத்தில் நான் எழுதிய விதி.

அவர் போனபின் கலாமணி குடுவையைத் தன் பக்கம் இழுத்து லேபிளைப் படித்தாள். சோதனையின் அமைப்பை அவளுக்கு விளக்கினேன். பிளாங்க், அடிப்படை அளவு, ஒன்பதிலிருந்து மூன்று. முடித்ததும் கேட்டாள்:

“பெரிய மாமாவ நெனச்சுட்டுத்தானுங்க இத்தனையும் பண்ணுனீங்க?”

“அண்ணனுக்குப் பை வெச்சாங்க. அண்ணன் போயிட்டாரு.”

“பை வெச்சதாலயா போனாரு? நெஞ்சு வலி வந்து போனாருங்க. பை வெச்சு ஆறு வருசங் கழிச்சு! அந்த ஆறு வருசமும் மொபெட்டுல சந்தைக்குப் போகலீங்களா? எருமை புடிச்சு விக்கலீங்களா? எங்கண்ணனோட சீட்டாடி செயிக்கலீங்களா?”

“கடைசிப் பந்தில தனியா உக்காந்துட்டிருந்தாரு.”

“ஏன் உக்காந்தாரு? பக்கத்து எலைல நீங்க உக்கார மாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும். ஒருக்கா நீங்க எந்திரிச்சு மாறி உக்காந்தத நானே பாத்தனுங்க.”

பை இருந்த வயிற்றின் பக்கம் நான் ஒருமுறைகூட நேராகப் பார்த்ததில்லை. வாடை வந்ததா என்று யாரேனும் கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அவ்வளவு அருகில் போனதே இல்லை.

1 ஜூலை, திங்கள்

கலாமணி விடுப்பு எடுத்தாள். டாக்டரை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு என்முன் வைத்தாள்.

“நல்லசிவம் சார், மாத்திரைய நிறுத்திட்டீங்களாமே. எதுக்கு?”

கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

“பவுடரைக் குடிங்க சார், யாரு வேண்டாம்னா? கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன். புண்ணுலேருந்து புரதம் கசிஞ்சு போகுது, உங்களுக்கு அது தேவை. அந்த ஆராய்ச்சியும் நல்ல ஆராய்ச்சிதான், நாங்களும் படிக்கறோம். ஆனா அது மாத்திரையோட சேர்ந்து குடிக்க வேண்டியது. வீடு பத்தி எரியறப்ப செங்கல் வாங்கி அடுக்கினா எப்படி சார்? மொதல்ல தீய அணைக்கணுமில்ல?”

“ஒரே நேரத்துல ரெண்டு மாத்தம் பண்ணுனா எதனால...”

“எதனால ஆறுச்சுன்னு தெரியாமலே ஆறிட்டுப் போகட்டுமே சார். எனக்குக் கவலையில்ல. சரி, எத்தனை நாளா நிறுத்தியிருக்கீங்க?”

கலாமணி அப்போது சிலிண்டரோடு வாசலுக்கு வந்த கேஸ்காரருக்குக் கதவு திறக்கப் போயிருந்தாள்.

“ஒரு வாரமா” என்றேன்.

“காய்ச்சல், வயித்து உப்புசம்?”

“இல்லை.”

“ஒரு வாரம்னா பரவாயில்ல. இன்னைக்கே ரெண்டையும் பழைய அளவுல ஆரம்பிங்க. வெள்ளிக்கிழமை வாங்க. காய்ச்சல் வந்தா, வயிறு உப்பினா மட்டும், வெள்ளி வரைக்கும் இருக்காதீங்க, உடனே வந்துடுங்க. அது வேற விசயம். மணிக்கணக்குல முத்திடும்.”

கலாமணி திரும்பி வந்து என்ன சொன்னார் என்று கேட்டாள். மாத்திரையைத் தொடங்கச் சொன்னார், வெள்ளிக்கிழமை வரச் சொன்னார் என்றேன். என் வாயில் மாத்திரையைப் போட்டு, நான் விழுங்கும்வரை எதிரில் நின்றாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

ஒரு வாரம் என்று ஏன் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் இன்றே படுக்கையில் சேர்ப்பார்கள் என்று தோன்றியது. வெள்ளி வரை நான்கு நாட்கள் கிடைக்கும். நான்கு நாட்களில் மாத்திரை வேலை செய்துவிடும்.

2 ஜூலை, செவ்வாய்

இரண்டு தடவை. இறங்குகிறது. கலாமணி வேலைக்குப் போனபின் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். நூறு. வெப்பமானி பழையது.

3 ஜூலை, புதன். காலை.

நேற்று மதியத்துக்குப் பின் கழிவறைக்குப் போகவே இல்லை. எனவே இன்றைய எண் பூஜ்யம். நோய் கண்ட நாளிலிருந்து கிடைத்த மிகச் சிறந்த அளவு இதுவே.

அதை எழுதி முடித்ததும், வழக்கம்போல் கோடிட்டு, அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

வயிறு உப்பியிருக்கிறது. வெறும் உப்பல் அன்று. தோல் பளபளக்கும்படி இறுகியிருக்கிறது. விரலால் தட்டினால் வெற்றுத் தகரத்தைத் தட்டிய ஓசை வருகிறது. வெப்பமானி நூற்றிரண்டு காட்டுகிறது. இம்முறை அதைத் தண்ணீரில் கழுவி, உதறி, மறுபடியும் வைத்தேன். நூற்றிரண்டுதான். நாடி மணிக்கட்டில் ஓடுகிறது. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

நான் எதை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று இப்போது பார்க்கிறேன். சாப்பிடுவதை நிறுத்தினேன், தடவைகள் குறைந்தன. குறைந்ததை ஆறியதாக எழுதினேன். நேற்று குடல் அசைவதையே நிறுத்திவிட்டது. அதை முழு வெற்றி என்று எழுதியிருக்கிறேன். பவுடர் ஆற்றியதா ஆற்றவில்லையா என்பதற்கு இந்தப் பக்கங்களில் விடை இல்லை. அது ஒருவேளை நல்லதே செய்திருக்கும். என் குடலைத் தீயில் விட்டவன் நான், அஞ்சியதால் விட்டேன், அந்த அச்சத்துக்கு விதி என்று பெயர் வைத்தேன்.

டாக்டர் தம் முடிவை நான் தந்த அளவை நம்பி எடுத்தார். அந்த அளவு பொய். காய்ச்சல் இல்லை என்றதும் பொய். அன்றே உடம்பு சுட்டது, நான் அளக்கவில்லை. மணிக்கணக்கில் முத்தும் என்றார். நேற்று மதியத்திலிருந்து எத்தனை மணி நேரம் என்று கணக்கிடவே பயமாக இருக்கிறது. வரிகள் கோணலாக வருகின்றன.

அடுக்களையில் கலாமணி டிபன் டப்பாவை மூடும் சத்தம் கேட்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் வேலைக்குப் புறப்பட்டுவிடுவாள்.

இப்போது நான் எழுந்து அவளிடம் போவேன். சட்டையை விலக்கி வயிற்றைக் காட்டுவேன். அவளே டாக்டரை அழைக்கட்டும், நான் பேசுவேன். ஜூன் ஆறிலிருந்து நிறுத்தியிருந்தேன், ஸ்டீராய்டையும் சேர்த்து; ஒரு வாரம் என்று சொன்னது பொய்; வயிறு இறுகிவிட்டது, காய்ச்சல் நூற்றிரண்டு என்று சொல்வேன். இன்றே சேலம் போவேன். குடலை எடுக்க வேண்டும் என்றால் எடுக்கச் சொல்லிக் கையெழுத்திடுவேன். பை வைத்தால், அதை மாட்டுவதையும் கழற்றுவதையும் டாக்டர் செய்து காட்டும்போது கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்ப்பேன்.